அடுப்பில் உருகும் உலோகம்

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் ஒரு கிலோ ஈயத்தை உருக்கிவிடலாம். நம்பக் கொஞ்சம் சிரமம்தான். ஈயம் உருகுவது 327.5 டிகிரி செல்சியஸில். தண்ணீர் கொதிப்பதோ 100 டிகிரியில். ஆனால் சூட்டை வாங்கிக்கொள்வதில் தண்ணீர் பெருந்தீனிக்காரன். ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி ஏற 4.2 கிலோஜூல் கேட்கும், ஈயத்துக்கு 0.13 போதும். உருகும் கட்டத்திலும் அப்படித்தான். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் என்றால் ஈயத்துக்கு வெறும் 23. இரும்பை உருக்க 1,538 டிகிரியும் உலையும் துருத்தியும் வேண்டும். செம்புக்கு 1,085. ஈயத்துக்குச் சமையலறை அடுப்பும் பழைய இரும்புச் சட்டியும் போதும்.

துப்பாக்கிக் குண்டின் கதை இந்த ஒரு குணத்தில்தான் தொடங்குகிறது. குழலைச் செய்யக் கொல்லன் வேண்டும், மருந்தைக் கலக்கத் தெரிந்தவன் வேண்டும். குண்டை மட்டும் யாரும் வீட்டில் வார்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் இன்றும் இது தபால்தலை சேர்ப்பது போல ஒரு பொழுதுபோக்கு. வார இறுதியில் வீட்டுக் கொட்டகையில் மின்சாரச் சட்டியை மூட்டி, அலுமினிய அச்சில் நூற்றுக்கணக்கில் குண்டு வார்க்கிறவர்கள் அங்கே நிறையப் பேர்.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிக் கம்பம்மெட்டு சோதனைச்சாவடியைத் தாண்டினால் இடுக்கியின் ஏலமலைகள். காலையில் தேனி மாவட்டத்துப் பெண்கள் ஜீப் ஜீப்பாக ஏலத்தோட்ட வேலைக்கு ஏறுகிற வழி இது. இந்த மலைகளில் குண்டு வார்ப்பது பொழுதுபோக்கு அல்ல, குற்ற வழக்கு. தமிழகப் பக்கமானாலும் கேரளப் பக்கமானாலும் வேட்டைக்குப் போனவர் பிடிபட்டார் என்று வரும் செய்திகளில் பொருட்பட்டியல் பெரும்பாலும் ஒன்றுதான்: நாட்டுத் துப்பாக்கி, கருமருந்து, பால்ரஸ் குண்டு, ஈயத்துண்டுகள். பால்ரஸ் சைக்கிள் கடையிலும் மெக்கானிக் ஷாப்பிலும் கிடைப்பது. ஈயம் பழைய பேட்டரியிலிருந்தோ மீன்வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் மணிகளிலிருந்தோ வருவது.

சட்டம் இதில் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டா வகைகளுக்குத் தரும் வரையறையில் அதன் பாகங்களும், அதைத் தயாரிக்கும் கருவிகளும் அடக்கம். உரிமம் இல்லாமல் தயாரித்தால், 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது ஏழு ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். ஆங்கிலேயர்கள் இன்னும் ஒரு படி மேலே யோசித்தார்கள். வைஸ்ராய் லிட்டன் பிரபு காலத்தில் வந்த 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தில், வேண்டுமானால் ஈயம், கந்தகம், வெடியுப்பு ஆகிய வெறும் சரக்குகளையே இராணுவப் பொருள் என்று அறிவிக்கும் அதிகாரத்தை அரசு தன் கையில் வைத்துக்கொண்டது. அடுப்பில் உருகும் உலோகத்தைக் கண்டு ஒரு பேரரசு பயந்தது நியாயம்தான்.

இதற்கு நேர்மாறான ஊரும் பக்கத்திலேயே இருக்கிறது. குடகு மலையில் கொடவர்களுக்கும் ஜம்மா நில உரிமை உள்ளவர்களுக்கும் துப்பாக்கி உரிமத்திலிருந்து பிரிட்டிஷ் காலத்திலேயே விலக்கு கிடைத்தது. 2019-இல் அதை மத்திய அரசு பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. அங்கே திருவிழாவில் தேங்காயைக் கட்டிவைத்துச் சுடுவது ஊர்ப் போட்டி.

சரி, ஏன் ஈயம்? எளிதில் உருகுகிறது என்பது பாதி விடைதான்.

மீதிப் பாதியில் முதலாவது கனம். ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.34 கிராம், இரும்பு 7.87. ஈயத்தில் பத்து கிராம் இருக்கும் குண்டை அதே அளவில் இரும்பில் செய்தால் ஏழு கிராம்தான் வரும். காற்று குண்டைத் தடுப்பது அதன் பருமனைப் பார்த்து. குண்டு தாக்குப்பிடிப்பது தன் எடையைக் கொண்டு. ஒரே பருமனில் எடை கூடியது வேகத்தை மெதுவாக இழக்கும், தொலைவு போகும். பழைய கிரேக்க, ரோமானியப் படைகளுக்கு இது தெரிந்திருந்தது. கவண் வீரர்களுக்குக் கல்லுக்குப் பதிலாக வாதுமைக்கொட்டை வடிவில் ஈயக் குண்டுகளை வார்த்துக் கொடுத்தார்கள். சிலவற்றில் எதிரிக்கு ஒரு சொல்லையும் அச்சிலேயே பொறித்திருக்கிறார்கள்: ‘வாங்கிக்கொள்’ என்று. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தக் குறும்பு அருங்காட்சியகங்களில் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது.

உரிமம் வாங்கிய தோட்டக்காரர்கள் வீட்டில் இருக்கும் ‘பன்னிரண்டு போர்’ துப்பாக்கியின் பெயரே ஈயக்கணக்குதான். ஒரு பவுண்டு ஈயத்தை, அதாவது 453.6 கிராமை, பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஒவ்வொன்றும் 37.8 கிராம். அதன் விட்டம் 18.5 மில்லிமீட்டர். அந்த உருண்டை நுழையும் குழல் பன்னிரண்டு போர். இருபது உருண்டையாக்கினால் உருண்டை சிறுக்கும், குழலும் சிறுக்கும். அதனால்தான் எண் ஏற ஏறத் துப்பாக்கி சிறியதாகிறது. துப்பாக்கிக் கடைக்காரரிடம் பலர் கேட்கத் தயங்கும் சந்தேகத்துக்கு விடை இது.

இரண்டாவது, மென்மை. நகத்தால் கீறினாலே ஈயத்தில் கோடு விழும். இந்திய வரலாற்றையே புரட்டிய குணம் இது. 1857-இல் சிப்பாய்களுக்கு வந்த என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாவில் தடவியிருந்த கொழுப்பைப் பள்ளிக்கூடப் பாடத்திலேயே படித்துவிட்டோம். அந்தக் கொழுப்பு எதற்கு வந்தது என்பதுதான் விஷயம். குழலின் உட்சுவரில் சுருள் வரிகள் வெட்டினால், குண்டு பம்பரம் போலச் சுழன்று கோணாமல் போகும். ஆனால் வரிகளைப் பிடிக்கிற அளவுக்குக் குண்டு இறுக்கமாக இருந்தால், வாய்வழியாக அதை இடித்து இறக்குவதற்குள் எதிரி வந்துவிடுவான். பிரெஞ்சு அதிகாரி மினியே 1849-இல் காட்டிய வழி: குண்டைக் குழலைவிடச் சற்றே சிறியதாகச் செய், அடியில் குழிவு வை. மருந்து வெடிக்கும் அழுத்தத்தில் அந்தக் குழிவின் விளிம்பு விரிந்து வரிகளில் போய்ப் பதியும். ஈயம் மென்மையாக இருப்பதால்தான் அது விரிகிறது. குண்டு தொளதொளவென்று இறங்க வேண்டும், இடைவெளி அடைபடவும் வேண்டும் என்பதால் அதைச் சுற்றிக் கொழுப்பு தடவிய காகிதம் வந்தது. பாரக்பூரில் சிப்பாய்களின் கலகம் அதன் பிறகு.

மூன்றாவது குணத்தைப் பார்க்கக் கம்பம்மெட்டு மலையில் ஆடி மாதச் சாரலில் நின்றாலே போதும். விழும் நீர்த்துளி தன்னைத்தானே உருண்டையாக்கிக்கொள்கிறது. பரப்பு இழுவிசை அதைக் குறைந்த மேற்பரப்புக்குச் சுருக்குகிறது. உருகிய ஈயமும் அதே சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் வாட்ஸ் 1782-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். தன் வீட்டையே கோபுரமாக உயர்த்தி, உச்சியில் சல்லடை வழியாக உருகிய ஈயத்தை ஒழுகவிட்டு, கீழே தண்ணீர்த் தொட்டியில் பிடித்தார். விழும் வழியிலேயே துளி உருண்டு இறுகிவிடும். அச்சே இல்லாத வார்ப்பு. துளி நன்றாக உருள ஈயத்தில் சிட்டிகை ஆர்சனிக் சேர்த்தார்கள்.

அச்சில் வார்ப்பவர்களுக்கு வேறு சேர்மானம். சுத்த ஈயம் அதிவேகக் குழலில் வழித்துக்கொண்டு போய்விடும் என்பதால் கடினமாக்க ஆண்டிமனி சேர்ப்பார்கள்; அச்சின் மூலைமுடுக்கெல்லாம் உலோகம் பாய வெள்ளீயம் சேர்ப்பார்கள். நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு இந்த வெள்ளீயம். 232 டிகிரியில் உருகுவது, காரீயத்தின் நஞ்சு இதற்கு இல்லை. வாங்கும்போது இரண்டையும் பிரித்தறிந்து வாங்குவது உயிர்ப் பிரச்சினை.

இந்த மலைகளுக்குக் கீழே வந்து இறங்கிய சரக்குகளாக இந்தச் சேர்மானப் பட்டியலை ஏற்கெனவே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடல்வழிக் கையேடான பெரிப்ளுஸ், முசிறித் துறைமுகப் பகுதியில் இறங்கும் சரக்குகளைச் சொல்கிறது. அதில் ஈயம் இருக்கிறது, வெள்ளீயம் இருக்கிறது, ஆண்டிமனி தாதுவான அஞ்சனம் இருக்கிறது. ஆர்சனிக் தாதுக்களான மனோசிலையும் தாளகமும் இருக்கின்றன. குண்டு வார்ப்பவரின் அலமாரி முழுவதும் பெரியாற்றின் முகத்துவாரத்தில் வந்து இறங்கியிருக்கிறது. மேலேயிருந்து மிளகு போயிருக்கிறது. துப்பாக்கி பிறக்க இன்னும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இருந்ததால் அவை கண்மைக்கும் மருந்துக்கும் பாத்திரத்துக்கும் நாணயத்துக்கும் போயிருக்கும். இந்தியாவில் செம்பும் ஈயமும் இல்லை, முத்தும் மணியும் கொடுத்து வாங்குகிறார்கள் என்று ரோமானிய அறிஞர் பிளினி எழுதினார். ராஜஸ்தானத்துச் சுரங்கங்கள் அவர் காதுக்கு எட்டவில்லை.

ஈயம், ஆண்டிமனி, வெள்ளீயம் மூன்றும் சேர்ந்த கலவை இன்னொரு தொழிலுக்கும் உயிர்நாடி: அச்செழுத்து. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழில் அச்சேறியதும், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் மதபோதகர் சீகன்பால்கு அச்சகம் வைத்ததும் வார்த்த உலோக எழுத்துகளால்தான். ஜெர்மனியில் வார்த்து வந்த எழுத்துகள் பெரிதாக இருந்ததால் பொறையாற்றில் சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. அதற்கு இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கினார்கள் என்று மிஷன் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆஃப்செட் வந்ததும் எழுத்துப் பெட்டிகள் கிலோக் கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போயின. அமெரிக்காவில் அந்த எழுத்துலோகத்தைத் தேடித்தேடி வாங்கியவர்களில் வீட்டில் குண்டு வார்ப்பவர்கள் முக்கியமானவர்கள்; கடினமான கலவை, ஏற்கெனவே சேர்த்து வைத்தது. எதை உருக்கினாலும் ஈயம் மறுபடி ஈயம்தான். முந்தைய பிறவியை மறந்துவிடும்.

வீட்டு வார்ப்பின் மிகப் பெரிய நிகழ்வுக்குக் கணக்கேடே இருக்கிறது. 1776 ஜூலை 9 அன்று நியூயார்க் நகரத்தில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் சிலையைக் கூட்டம் சாய்த்தது. தங்கமுலாம் பூசிய ஈயச் சிலை. துண்டுகள் கனெக்டிகட் மாநிலத்து லிட்ச்ஃபீல்டில் ஆலிவர் வோல்காட் என்பவர் வீட்டுக்கு வண்டியேறி வந்தன. அங்கே பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்து வார்த்ததில் 42,088 குண்டுகள். வோல்காட்டின் பதினோரு வயது மகள் மேரி ஆன் 10,790. தம்பி ஃபிரடெரிக் 936. தேசப்பற்றுக் கதையாக இதை அங்கே சொல்வார்கள். எனக்கு அந்தப் பெண்குழந்தையின் விரல்கள்தான் கண்ணில் நிற்கின்றன.

வார்க்கும் இடத்தில் எல்லோரும் பயப்படுவது சூட்டுக்கு. அதில் ஒரு பயம் நியாயமானது: தண்ணீர். உருகிய ஈயத்தின் மேல் ஒரு துளி விழுந்தால் தன் அடியில் நீராவி மெத்தை போட்டுக்கொண்டு ஓடி ஆவியாகிவிடும். அதே துளி ஈரமான பழைய துண்டுக்குள் ஒளிந்துகொண்டு உலோகத்துக்கு அடியில் போனால், நீர் நீராவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். சட்டியில் உள்ள அத்தனையும் கூரைக்குப் போகும். ஆண்டில் பாதி நாள் துணி காயாத ஏலமலை ஊர்களில் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. பேட்டரித் தகடாக இருந்தால் இன்னும் மோசம். அதில் ஆண்டிமனியோடு ஆர்சனிக், கால்சியமும் கலந்திருப்பதுண்டு. அந்தக் கசடில் ஈரம் பட்டால் ஆர்சீன் போன்ற கொடிய வாயுக்கள் கிளம்பக்கூடும்.

இரண்டாவது பயம் புகையைப் பற்றியது. அதில்தான் பெரும்பாலோர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். வார்க்கும் சூட்டில், 350-400 டிகிரியில், ஈயம் ஆவியாவது மிகமிகக் குறைவு. அதன் ஆவியழுத்தம் ஒரு பாஸ்கலைத் தொடவே 700 டிகிரி ஆகிறது. வளிமண்டல அழுத்தமோ ஒரு லட்சம் பாஸ்கல். கண்ணுக்குத் தெரியும் புகை பெரும்பாலும் எண்ணெயும் மெழுகும் எரிவது. நஞ்சு சட்டியின் மேல் ஏடாகப் படியும் சாம்பல்நிறக் கசடில் இருக்கிறது. கரண்டியால் வழித்து ஓரமாகக் கொட்டும் அந்த ஆக்ஸைடு காய்ந்து மாவாகும். கையில், நகக்கண்ணில், வேட்டியில், தரையில். வாசனை கிடையாது, எரிச்சல் கிடையாது. பீடியைப் பற்றவைக்கும்போதும் சோற்றைப் பிசையும்போதும் வாய்க்குப் போகும். வார்த்தவர் அழுக்கு உடையோடு திண்ணையில் உட்கார, குழந்தை மடியில் ஏறும். வயது வந்தவர் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்குதான் உடலில் சேர்கிறது. சிறு குழந்தைக்குப் பாதி வரை சேரும்.

சேர்ந்த ஈயம் உடம்பை ஏமாற்றியே உள்ளே வாழ்கிறது. அயனி வடிவில் அது கால்சியத்தைப் போல நடிக்கும். மூளைச் செல்கள் செய்தி பரிமாறக் கால்சியத்தை நம்புகின்றன; அந்த இடத்தில் ஈயம் போய் உட்காரும். ஹீமோகுளோபின் செய்ய உதவும் ஒரு நொதியில் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு உட்காரும், சோகை வரும். எலும்பிலும் கால்சியம் என்ற பெயரிலேயே குடிபுகும். இரத்தத்தில் இருக்கும் ஈயம் ஒரு மாதத்தில் பாதியாகக் குறையலாம். எலும்பில் இருப்பது குறையப் பத்தாண்டுகள், இருபதாண்டுகள் ஆகும். கர்ப்ப காலத்தில் எலும்பு கரையும்போது பழைய ஈயம் வெளியே வந்து சிசுவைச் சேரும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவரவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பெட்ரோலில் ஈயம் கலந்த காலத்தில், 1999-இல், ஜார்ஜ் அறக்கட்டளை சென்னை, பெங்களூரு உள்ளிட்ட ஏழு நகரங்களில் எடுத்த ஆய்வில் பாதிக்கும் மேற்பட்ட சிறுவர்களின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. 2000 ஏப்ரலில் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. மிச்சம் இருக்கும் பெரிய ஊற்றுகளில் ஒன்று, கொல்லைப்புறத்தில் பேட்டரி உடைத்து உருக்கும் தொழில். செனகல் நாட்டில் தியாரோய் என்ற ஊரில் பேட்டரி ஈயம் கலந்த மண்ணை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சலித்தார்கள். 2007-08இல் சில மாதங்களுக்குள் பதினெட்டுக் குழந்தைகள் இறந்தன. வலைக்கு மணி வார்க்கும் நம் கடற்கரைக் குடும்பங்களுக்கும் அதே சட்டி, அதே கசடு, அதே அபாயம். சமையல் பாத்திரத்தில் உருக்காமல் இருப்பதும், வார்க்கும்போது போட்ட உடையைத் தனியாகத் துவைப்பதும், குழந்தைகளை அருகில் விடாமல் இருப்பதும், கசடை ஈரமில்லாத மூடிய டப்பாவில் போடுவதும், எப்போதாவது ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும்தான் அவர்களிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டியவை.

குழலை விட்டுப் போன பிறகும் ஈயத்தின் வேலை முடிவதில்லை. எலும்பில் மோதும் மென்மையான குண்டு நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத துகளாக இறைச்சிக்குள் சிதறுகிறது. 2008-இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்குத் தானமாக வந்த மான் இறைச்சிப் பொட்டலங்களை ஒரு மருத்துவர் ஸ்கேன் செய்து பார்த்ததில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் உலோகத் துகள்கள் இருந்தன. கலிஃபோர்னியாவில் 1982-இல் வெறும் 22 ஆகக் குறைந்த காண்டார் கழுகுகளை மீட்டுப் பெருக்கியபோது, அவற்றை விடாமல் கொன்றது வேட்டைக்காரர்கள் விட்டுப்போன குடலில் இருந்த ஈயம். 2019 ஜூலை முதல் அந்த மாநிலத்தில் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் நீர்நிலைகளைச் சுற்றித் தடை போட்டது.

நம் மலையில் காட்டுப்பன்றிதான் பேச்சு. கப்பைக் கிழங்கையும் வாழையையும் அது கிளறிப் போடுவதைப் பொறுக்காமல், 2022 மே மாதம் கேரள அமைச்சரவை உள்ளாட்சித் தலைவர்களுக்கே சுட அனுமதி வழங்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. சுடுகிறவர் உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருக்க வேண்டும். சுட்ட பன்றியைத் தின்னக் கூடாது. மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்கிறார்கள். காட்டுயிர்ச் சட்டத்துக்காக வந்த இந்த விதி, அறியாமலே ஊர்க்காரர்களை ஈயத்திடமிருந்தும் காக்கிறது. கள்ளத்தனமாகச் சுட்டுப் பங்குபோடும் கறிக்கு அந்தக் காவல் இல்லை.

மாற்று இருக்கிறதா என்றால் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஒரு குறையோடு. எஃகு லேசானது, பழைய குழல்களைக் கீறிவிடும். செம்பு நன்றாக வேலை செய்யும், ஆனால் வீட்டில் உருகாது. வேடிக்கை, தனிம வரிசையில் ஈயம் 82 என்றால் அடுத்த வீடான 83-இல் பிஸ்மத் இருக்கிறது. அதுவும் கனமான உலோகம், ஒரு கன சென்டிமீட்டருக்கு 9.8 கிராம். ஈயத்தைவிட எளிதாக, 271 டிகிரியிலேயே உருகும். நஞ்சும் மிகக் குறைவு. அதன் உப்பை வயிற்றுக்கோளாறுக்கு மாத்திரையாகவே விழுங்குகிறோம். உறையும்போது தண்ணீரைப் போல விரியும். ஆனால் நொறுங்கும் தன்மை உள்ளது, விலையும் ஈயத்தைவிடப் பல மடங்கு. பிஸ்மத்தின் பெரும்பகுதி கிடைப்பது, ஈயத் தாதுவைச் சுத்திகரிக்கும்போது வரும் உபபொருளாக. ஈயம் தோண்டுவதை நிறுத்தினால் அதுவும் குறைந்துபோகும்.